இழை முடியும் இடம்

பழைய மேசையின் இழுப்பறை ஒன்று இழுத்த கையோடு கழன்று வந்தால், எது உடைந்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். முன்பலகை முழுசாக இருக்கும். பக்கப்பலகைகளில் கீறல்கூட இருக்காது. விட்டுப்போனது மூலை. மரத்தால் செய்த பெட்டி எதுவானாலும் பலகை நடுவில் முறிவது அபூர்வம்; மூலையில்தான் பிரியும். பெட்டியின் வலிமையை முடிவு செய்வது மரத்தைவிட மூட்டுதான். எந்த மூட்டு அதிக வலிமையானது என்று கேட்பவருக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகக் கொடுக்க முடியாது. எந்தப் பக்கமாக இழுக்கிறோம், எவ்வளவு காலம் இழுக்கிறோம், பசை விட்டுப்போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் ஏற்றியது. காற்றில் வளைந்து நிமிர்ந்தது. இரண்டு வேலைக்கும் ஏற்றபடி அதன் செல்கள் மெல்லிய நீண்ட குழல்களாக, பெரும்பாலும் தண்டின் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. குழலின் சுவருக்கு வலு தருவது செல்லுலோஸ். ஒரு குழலை அடுத்த குழலோடு பிணைத்து வைத்திருப்பது லிக்னின். விளக்குமாற்றுக்குக் கட்டிய ஈர்க்குகளை நினைத்துக்கொள்ளலாம். நீளவாக்கில் இழுத்தால் கட்டை அறுக்க முடியாது. பக்கவாட்டில் பிரித்தால் ஈர்க்குகள் தனித்தனியே வந்துவிடும். குறையில்லாத மரத்தை நார் ஓடும் திசையில் இழுத்து அறுக்க, சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் அளவில் விசை வேண்டும். பத்துக் கிலோ எடையை ஒரு சதுர மில்லிமீட்டரில் தொங்கவிடுவதற்குச் சமம் அது. நாருக்குக் குறுக்கே இழுத்தாலோ பெரும்பாலான மரங்கள் 2 முதல் 6 நியூட்டனுக்குள் பிளந்துவிடும்.

பெட்டியின் மூலையில் பக்கப்பலகையின் நார்கள் முடிந்துவிடுகின்றன. முன்பலகையின் நார்கள் அவற்றுக்குச் செங்குத்தாக ஓடுகின்றன. ஒரு நார்கூட மூலையைச் சுற்றித் திரும்பி அந்தப் பக்கம் போவதில்லை. முடிந்துபோன நார்களின் வேலையை வேறு எதையாவது கொண்டு தொடரச் செய்வதுதான் மூட்டு.

அதற்கு மிக எளிய வழி, ஒரு பலகையின் முனையை இன்னொன்றின் முகத்தில் முட்டவைத்துப் பசை தடவுவது. முட்டு மூட்டு என்று இதைச் சொல்லலாம். இங்கே இரண்டு வகை முகங்கள் சந்திக்கின்றன. ரம்பம் நார்களைக் குறுக்கே அறுத்த இடம் வெட்டுமுகம். குழல்களின் திறந்த வாய்கள் அங்கே தெரியும். பலகையின் அகலமான பரப்பு நார்முகம்; அங்கே குழல்கள் படுத்துக் கிடக்கும். வெட்டுமுகத்தில் தடவிய பசையைக் குழல்கள் உறிஞ்சிக்கொள்வதால் மூட்டில் பசை தங்குவதில்லை, ஆகவே வெட்டுமுகம் ஒட்டாது என்று தச்சுப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். இது பாதி உண்மை. முதலில் மெல்லிய பூச்சாகப் பசை தடவி, அது உறிஞ்சப்பட்ட பின் மறுபடி தடவி இறுக்கினால் வெட்டுமுகமும் நன்றாகவே ஒட்டும். நார்முகத்தோடு நார்முகம் ஒட்டிய பலகை பசைக்கோட்டில் உடையாமல் பக்கத்து மரத்தில் பிளப்பதைப் பார்த்து, பசை மரத்தைவிட வலிமையானது என்கிறோம். அங்கே பிளந்தது மரத்தின் பலவீனமான திசை, லிக்னின் பிடித்துவைத்திருக்கும் திசை. பசை வென்றது அந்தத் திசையைத்தான். நார் நெடுக்கே மரம் தாங்கக்கூடிய 100 நியூட்டனுக்குப் பக்கத்தில் எந்த மரப்பசையும் வருவதில்லை.

முட்டு மூட்டின் குறை பசையில் இல்லை, நெம்புகோலில் இருக்கிறது. 12 மி.மீ. தடிமனும் 96 மி.மீ. உயரமும் உள்ள பலகையால் ஒரு பெட்டி செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூலையிலிருந்து 30 செ.மீ. தள்ளி, பலகையை வெளிப்பக்கமாக 10 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளுகிறோம். தள்ளும் கை நீளம் 300 மி.மீ.; எதிர்த்து நிற்கும் மூட்டின் தடிமன் வெறும் 12 மி.மீ. வளைவுக்கான சாதாரணச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், மூட்டின் உள் விளிம்பில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 13 நியூட்டன் இழுவிசை வருகிறது. தள்ளப்படும் பலகைக்கு இது பொருட்டே இல்லை, அதன் நார்கள் நெடுக்கே இழுக்கப்படுகின்றன. முட்டிக்கொண்டு நிற்கும் அடுத்த பலகையின் முகமோ நாருக்குக் குறுக்கே இழுபடுகிறது. அது தாங்குவது 6 நியூட்டன் என்றால் 13 எப்படித் தாங்கும்? குழந்தை ஏறி நின்ற பெட்டியும், பாரத்தோடு ஒரு மூலையில் விழுந்த பெட்டியும் பிரிவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

இதைச் சரிசெய்யப் பலரும் எடுக்கும் அடுத்த படி காடி மூட்டு. ஒரு பலகையின் முனையில் படிபோல வெட்டி, அதில் அடுத்த பலகையை உட்காரவைப்பது. ஒட்டும் பரப்பு கூடுகிறது, சதுரம் சரியாக வருகிறது, பார்க்கவும் நேர்த்தி. வலிமை எதிர்பார்த்த அளவு கூடுவதில்லை. எந்த முகம் எந்த முகத்தைத் தொடுகிறது என்று எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும். படியின் தளம் நார்முகம். அதைத் தொடுவது அடுத்த பலகையின் வெட்டுமுகம். படியின் சுவர் வெட்டுமுகம். அதைத் தொடுவது அடுத்த பலகையின் நார்முகம். இரண்டு இடத்திலும் பழைய ஜோடிதான். நார்முகமும் நார்முகமும் ஓரிடத்தில்கூடச் சந்திக்கவில்லை. காடி மூட்டின் மெய்யான லாபம் ஆணியில் இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆணி அடிக்கலாம், ஒன்று இழுபடும்போது மற்றது குறுக்கே நின்று தடுக்கும். வெட்டுமுகத்தில் இறங்கிய ஆணியைப் பிடுங்க, நார்முகத்தில் இறங்கியதற்குத் தேவையானதில் பாதி முதல் முக்கால் பங்கு விசையே போதும். அதனால் குறுக்கே நிற்கும் அந்த இரண்டாவது ஆணி முக்கியம்.

நார்முகத்தோடு நார்முகத்தைச் சந்திக்கவைக்கும் முதல் மூட்டு விரல் மூட்டு. பட்டறையில் ஃபிங்கர் ஜாயின்ட் என்பார்கள். இரண்டு பலகைகளின் முனைகளையும் பல்பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்துவிடுகிறோம். நம் 96 மி.மீ. உயரப் பலகையில் 6 மி.மீ. அகலத்தில் வெட்டினால் இரு பலகைகளிலுமாகச் சேர்த்து 16 விரல்கள்; அவற்றுக்கிடையே 15 தொடுபரப்புகள். ஒவ்வொன்றும் 12 பெருக்கல் 12, அதாவது 144 சதுர மி.மீ. மொத்தம் 2160. முட்டு மூட்டில் இருந்தது 1152, அதுவும் பலவீனமான ஜோடி. விரலின் அகலத்தை 3 மி.மீ. ஆக்கினால் தொடுபரப்பு 4464 ஆகிறது. விரல் பாதியானால் ஒட்டும் பரப்பு இருமடங்குக்கும் மேலே போகிறது. எங்கும் இப்படியே மெலிதாக்கிக்கொண்டு போகாததற்குக் காரணம் துல்லியம்தான். வெள்ளைப் பசை இடைவெளியை நிரப்பும் பொருள் அல்ல. பரப்புகள் நெருங்கிப் பொருந்தினால் மட்டுமே அது முழு வலிமை தரும். 31 பரப்புகளையும் அப்படிப் பொருத்துவது நல்ல இயந்திரம் இருந்தால்தான் ஆகும்.

இந்தப் பரப்பை மரத்தின் சறுக்கு வலிமையால் பெருக்கினால் மூட்டின் தாங்குதிறன் கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். தேக்கில் நாருக்கு இணையாகச் சறுக்கவைக்கச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 13 நியூட்டன் வேண்டும். 2160-ஐ 13-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 2.9 டன். நம்ப முடியாத எண், நம்பவும் கூடாது. விரல்கள் ஒன்றை ஒன்று தொடும் பரப்பில் இரு பலகைகளின் நார்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஓடுகின்றன. ஒரு பலகையை அதன் நார் திசையில் இழுத்தால், அடுத்த பலகையின் நார்கள் பக்கவாட்டில் தள்ளப்படுகின்றன. விளக்குமாற்றுக் கட்டின் மேலடுக்கு ஈர்க்குகளைக் கையால் குறுக்கே தேய்த்தால் அவை உருளும் அல்லவா, அதுவே இங்கேயும் நடக்கிறது. இந்த உருள்சறுக்கு வலிமை, இணைச்சறுக்கு வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குதான். சதுர மில்லிமீட்டருக்கு 2.5 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டால், மூட்டு 5400 நியூட்டன், அதாவது சுமார் 550 கிலோ தாங்கும். விசை எல்லா விரல்களிலும் சமமாகப் பரவாததால் நடைமுறையில் இன்னும் குறையும். குறைந்தாலும், எந்த வீட்டு இழுப்பறைக்கும் இது தேவைக்கு மிக அதிகம்.

அமெரிக்காவில் லோரன்சோ லாங்ஸ்ட்ராத் 1852-இல் காப்புரிமை பெற்ற தேனீப் பெட்டியின் வழிவந்த பெட்டிகள் பலவற்றிலும் மூலைகளில் விரல் மூட்டையே பார்க்கலாம். தேன் நிறைந்த பெரிய பெட்டி 35 கிலோவுக்கு மேல் இருக்கும். வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் வெளியே நிற்கும். அடுக்கிலிருந்து தூக்கும்போது தேனீக்கள் பூசும் பிசின் ஒட்டிப் பிடித்திருப்பதால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் தாங்கும் பசை தடவி, விரல்கள் வழியாக இரு திசைகளிலும் ஆணி அடிக்கிறார்கள். பசை விரல்களைப் பிடிக்கிறது, பசை தளர்ந்தால் ஆணி பிடிக்கிறது.

பசையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியில்தான் விரல் மூட்டுக்கும் புறாவால் மூட்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். விரல்கள் நேரானவை. பசை போய்விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். புறாவால் மூட்டில் ஒரு பலகையின் பற்கள், அதாவது வால்கள், நுனியில் விரிந்திருக்கும், அடுத்த பலகையின் பள்ளங்கள் அந்த வடிவத்துக்கே வெட்டப்பட்டிருக்கும். ஒட்டும் பரப்பை மட்டும் பார்த்தால் இது விரல் மூட்டுக்குத் தோற்கிறது. மூன்று வால்கள் வெட்டினால் ஆறு சாய்பரப்புகள், மொத்தம் சுமார் 870 சதுர மி.மீ. விரல் மூட்டில் அதைப்போல இரண்டரை மடங்கு இருந்தது. நல்ல பசை போட்டு, பிரியும்வரை இழுத்துப் பார்க்கும் சோதனைகளில் விரல் மூட்டு முந்துவதில் வியப்பில்லை. அதைக் கொண்டு புறாவால் மூட்டு வெறும் அலங்காரம் என்று முடிவுகட்டுவது தவறு. வால் பள்ளத்துக்குள் ஆப்பாக இறுகுகிறது. ஒரு திசையில் இழுக்க இழுக்க இன்னும் இறுகும். மரம் உடையாமல் அந்தத் திசையில் பிரியவே முடியாது.

அந்த ஒரு திசை எது என்பதைத் தச்சர் தேர்ந்தெடுக்கிறார். இழுப்பறையில் வால்களைப் பக்கப்பலகையில் வெட்ட வேண்டும், முன்பலகையில் பள்ளங்கள். கைப்பிடியைப் பிடித்து இழுக்கும் ஒவ்வொரு முறையும் முன்பலகை பக்கப்பலகையை இழுக்கிறது, வால் விரிந்திருப்பதால் வெளியே வர முடியாது. மாற்றி வெட்டினால் இழுக்கும் திசையில் பசை மட்டுமே காவல். சுவரில் மாட்டும் அலமாரியிலும் இதே விதிதான். வால்கள் நிற்கும் பக்கப்பலகைகளில் இருந்தால் அடிப்பலகை பாரத்தோடு கீழே நழுவாது. அழகுக்காக இந்தத் திசையை மாற்றிச் செய்த மூட்டு, எத்தனை நுட்பமாக வெட்டியிருந்தாலும், தன் பாதி வேலையை இழந்துவிட்டது.

சாய்வு எவ்வளவு இருக்க வேண்டும்? மென்மரத்துக்கு 6-க்கு 1, வன்மரத்துக்கு 8-க்கு 1 என்பது வழக்கம். கோணத்தில் சொன்னால் ஏறத்தாழ 9.5 டிகிரியும் 7 டிகிரியும். 16 மி.மீ. தடிமன் பலகையில் 8-க்கு 1 சாய்வு என்றால், வாலின் நுனி ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. மட்டுமே விரிகிறது. பல நூறு கிலோ இழுவையைத் தடுத்து நிறுத்துவது இந்த 2 மி.மீ. முக்கோணம்தான். அப்படியானால் இன்னும் விரித்து வெட்டலாமே? விரித்தால் அந்த முக்கோணத்தின் நுனியில் நார்கள் மிகக் குட்டையாகிவிடும். வாலின் உடலோடு தொடர்ந்து ஓடும் நார் அங்கே இருக்காது. லிக்னின் மட்டும் பிடித்திருக்கும் துணுக்கு உதிர்ந்துவிடும். மிகக் குறைவாகச் சாய்த்தால் மென்மரம் நசுங்கி வழுக்கிவிடும். மென்மரத்துக்குக் கொஞ்சம் அதிகச் சாய்வு என்று வைத்தது இந்த நசுங்கலைக் கருதியே. சூத்திரம் எழுதிப் பார்க்காமலே பல தலைமுறைத் தச்சர்கள் கண்டடைந்த நடுவழி இது.

எகிப்தின் பண்டைக் கல்லறைப் பொருள்களிலேயே புறாவால் மூட்டு இருக்கிறது. அன்று முதல் இருபதாம் நூற்றாண்டு வரை தச்சர் நம்பியிருந்தது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையைத்தான். உலர்ந்த இடத்தில் அது அபாரமாகப் பிடிக்கும். ஈரம் பட்டால் இளகும். கைவிடக்கூடிய பசையை வைத்துக்கொண்டு நூறாண்டு நிற்கும் பெட்டி செய்ய வேண்டுமென்றால், பசை போனாலும் பிரியாத வடிவம் வேண்டும். அந்தத் தேவைக்குக் கிடைத்த விடை புறாவால்.

1912-இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் கிளாட்டே பாலிவினைல் அசிட்டேட்டைக் கண்டுபிடித்த பிறகு கதை மெல்ல மாறியது. நம் ஊரில் 1959-இல் ஃபெவிகால் வந்த பிறகு, காய்ச்சவும் சூடாகத் தடவவும் வேண்டாத வெள்ளைப் பசை தச்சுக்கூடங்களில் வழக்கமாயிற்று. சில நிமிடங்களில் இழுத்து உடைக்கும் சோதனையில் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பெட்டி சில நிமிடங்களுக்காகச் செய்யப்படுவதில்லை. பாலிவினைல் அசிட்டேட் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே கெட்டித்தன்மையை விட்டு மென்மையாகத் தொடங்கும் பொருள். தொடர்ந்து ஒரே பாரம் இழுத்துக்கொண்டிருந்தால் அது மிக மெதுவாக நகர்ந்துகொடுக்கும். மே மாதத்து வேலூரில், ஓட்டுக் கூரையின் கீழ் நிற்கும் அலமாரிக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. மரமும் காலத்துக்குக் கட்டுப்பட்டதே. சில நிமிடச் சோதனையில் 100 கிலோ தாங்கும் மரத்துண்டு பத்தாண்டு தொடர்ந்து தாங்குவது சுமார் 60 கிலோதான். ஆகவே நாள்தோறும் ஒரே பக்கம் இழுபடும் மூட்டுக்கு ஆப்பு வடிவம் இன்றைக்கும் தேவை என்பது என் உறுதியான கருத்து. அங்கே பசைக்குப் பாரம் சுமக்கும் வேலை இல்லை. அசையாமல் பிடித்து வைத்தால் போதும்.

வலிமை இருந்தும் மறைந்துபோன மூட்டும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்லூ ஊரைச் சேர்ந்த சார்லஸ் நாப் 1867-இல் ஒரு மூட்டு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பக்கப்பலகையின் ஓரம் அரைவட்ட அலைகளாகவும், ஒவ்வோர் அரைவட்டத்தின் நடுவிலும் ஓர் உருண்டை முளை பொருந்தும்படியும் அது வெட்டியது. கையால் வெட்டக் கடினமான வடிவம், இயந்திரத்துக்கு எளிது. அரைவட்டத்தின் வளைவு ஒட்டும் பரப்பைக் கூட்டியது, முளை சறுக்கலைத் தடுத்தது. 1870-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏராளமான இழுப்பறைகளில் இந்த மூட்டு இருந்தது. 1900-ஐ ஒட்டி வழக்கொழிந்தது. உடைந்ததால் அல்ல. அதற்குள் இயந்திரங்கள் புறாவாலை வெட்டக் கற்றுவிட்டன, வாங்குபவர்களும் பழங்காலத் தோற்றத்தையே விரும்பினார்கள்.

45 டிகிரியில் சந்திக்கும் மைட்டர் மூட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டுமுகம் எங்கும் தெரியாத அழகுக்காகச் செய்வது அது. ஒட்டும் பரப்பு முட்டு மூட்டைவிட 1.4 மடங்கு, மூலையின் குறுக்கே மெல்லிய மரத்தகடுகளைச் செருகி ஒட்டினால் அந்தத் தகடுகளின் நார்கள் மூலையைக் கடந்து ஓடுவதால் வலிமை பலமடங்கு ஏறும்.

மூலையைக் குற்றம் சொல்லும் முன் அடிப்பலகையைப் பார்க்க வேண்டும். நான்கு பக்கப்பலகைகளிலும் நார் கிடைவாக்கில் சுற்றி ஓடுவதால், மழைக்காலத்தில் எல்லாம் உயரவாக்கில் ஒன்றாக உப்பும், மூலைக்குத் தொந்தரவு இல்லை. அடிப்பலகை அப்படியல்ல. தேக்குப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளி கூடினாலே, 30 செ.மீ. அகலத்துக்கு அது 2 மி.மீ.க்கு மேல் விரியலாம். அதைக் காடியில் பசை போட்டு இறுக்கியிருந்தால் ஐப்பசி மழையில் அது பக்கப்பலகைகளை வெளியே தள்ளும். முழுமரத்து அடியைக் காடியில் பசையின்றி, விரிய இடம் விட்டுச் செருகுவது இதனால்தான். பிளைவுட் அடி ஏறத்தாழ விரியாது. அதைச் சுற்றிலும் பசை போட்டு ஒட்டலாம். ஒட்டிவிட்டால் பெட்டி கோணலாகச் சாய்வதை அந்த ஒற்றைத் தகடே தடுக்கும். நான்கு மூலைகளும் பெரும்பாலான நெம்பலிலிருந்து விடுபடும்.

இன்றைய மாடுலர் சமையலறை இழுப்பறை பெரும்பாலும் 12 அல்லது 16 மி.மீ. பிளைவுட்டில், முட்டு மூட்டும் ஸ்குரூவும் வைத்தே செய்யப்படுகிறது. இதைத் தரக்குறைவு என்று ஒதுக்கத் தேவையில்லை. பிளைவுட்டின் அடுக்குகள் ஒன்றுவிட்டு ஒன்று திசைமாறி ஓடுவதால், அதன் விளிம்பில் ஏறத்தாழப் பாதி நார்முகமாகவே இருக்கும், பசை நன்றாகப் பிடிக்கும். புறாவால் வெட்டினால்தான் குறுக்கு அடுக்குகள் பெயர்ந்து உதிரும். டெலஸ்கோபிக் சேனல் பொருத்திய இழுப்பறையில் உராய்வும் மிகக் குறைவு. முன்பலகையை இழுக்கும் விசை ஒரு சில கிலோவைத் தாண்டாது. பாரம் அடியிலிருந்து பக்கப்பலகைக்கும், அங்கிருந்து சேனலுக்கும் இறங்குகிறது. இங்கே முதலில் விட்டுப்போகக்கூடிய இடம் மூலை அல்ல. நேரம் மிச்சம் என்று 4 மி.மீ. தகட்டை அடியில் வைத்துக் கீழிருந்து ஆணி அடித்துவிட்டால், பாத்திரங்களின் மொத்த எடையும் அந்த ஆணிகளை நேராகக் கீழே பிடுங்கிக்கொண்டிருக்கும். அடித்தகட்டை 6 மி.மீ. ஆக்கி, பக்கப்பலகைகளின் கீழ் ஓரத்திலிருந்து 10 அல்லது 12 மி.மீ. மேலே காடி வெட்டிச் செருகச் சொல்லுங்கள். அப்போது அதே எடை காடிக்குக் கீழே உள்ள மரத்தின்மேல் அமரும். பிடுங்கப்படுவதற்கு அங்கே ஆணி இருக்காது.